ஒரு எழுத்து தள்ளி

பேசாதீங்க அண்ணே, பேசாதீங்க. தாடையைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்க, அந்த வாயை வச்சுக்கிட்டு என்னத்தைப் பேசப் போறீங்க? எழுந்திருக்கவும் வேணாம். நான் இந்த டயர் மேலயே உக்கார்ந்துக்கறேன். கறையா? பட்டாப் படட்டும், துவைச்சாப் போயிடப் போகுது. எனக்கு மரியாதை பண்ற நிலைமையிலயா நீங்க இருக்கீங்க?

பின்கதவு வழியா வந்தேன். உங்க வீட்டம்மாதான் திறந்து விட்டாங்க, அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. நேத்து நான் வேலை செய்யற பல் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு நம்பர் வாங்கிட்டு, கூட்டம் குறையற வரைக்கும் ஓரமா உக்கார்ந்திருந்துட்டு, அப்புறம் என் மேஜைகிட்ட வந்து நின்னு அழுதாங்க. பல்லும் வலிக்கலை ஒண்ணும் வலிக்கலை. கடுதாசி எழுதி வச்சிருக்கீங்களாமே. இன்னிக்குப் பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் கையில கொடுக்கப் போறீங்களாம். அந்த வீட்டு மனுஷன் செத்ததுக்கு நான்தான் காரணம், என்னை என்ன வேணா செஞ்சுக்குங்கன்னு. பட்டறையை மூடிட்டு ஸ்பேனர், ஜாக்கி எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடப் போறீங்களாம். சோறு தண்ணி இறங்காம இந்த ஸ்டூல்லயே இருபது நாளா உக்கார்ந்திருக்கீங்களாம்.

தலையை ஆட்டாதீங்க, ஆட்டினா விண்ணுனு வலிக்கும். கண்ணை மூடித் திறந்தீங்கன்னாப் போதும், எனக்குப் புரியும். பூரா நாளும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பதில் சொல்ல முடியாமப் படுத்திருக்கறவங்ககிட்டதானே நான் பேசிக்கிட்டிருக்கேன். அவங்க ஆன்னா என்ன, ஊன்னா என்னன்னு எங்க டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆமா, கம்பி வெட்டற கட்டர் ஒண்ணு எப்பவும் கையோட வச்சிருக்கச் சொன்னாங்களா? சொல்லலையா? என்ன டாக்டருங்களோ போங்க. வாந்தி கீந்தி வந்துச்சுன்னா வெளிய வர வழி இருக்காது அண்ணே, மூச்சு அடைச்சுக்கும். அந்த நேரத்துல தாடைக் கம்பியை டக்குனு வெட்டி விட்டுடணும். அந்தா, சுவத்துல தொங்குதே, சிவப்புப் பிடி போட்டது, அது போதும். எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்குங்க. ம். அவ்வளவுதான்.

என் கொழுந்தன் பண்ணின வேலை. வீல் ஸ்பேனராலதானே அடிச்சான்? எத்தனை அடி? மூணா? படுபாவி. அவங்க குடும்பத்துல எல்லாருக்கும் வாய்க்கு முன்னாடி கை பேசும். எங்க அண்ணனைக் கொன்னுட்டியேடான்னு கத்திக்கிட்டே அடிச்சானாம். உங்க எதிர்க்கடைக்காரர் சொன்னாரு. கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லம்மா, மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நின்னாரு மனுஷன்னு. அப்புறம் புகாரும் கொடுக்கலை. ஏன்னு கேட்டதுக்கு, எனக்கு இது வேணும்னு அட்டையில எழுதிக் காட்டினீங்களாம். அதைக் கேட்டதுலருந்து எனக்கு நெஞ்சு ஆறலை. அடிபடறவங்க எல்லாருமே அப்படித்தான் நினைப்பாங்க போல. நானும் பதினாறு வருஷம் அப்படித்தான் நினைச்சேன்.

சரி, கேளுங்க. ஸ்டேஷனுக்குப் போகாதீங்கன்னு சொல்ல நான் வரலை. போங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது பாதிக்கதை. முழுசையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. இன்னும் பத்துகூட ஆகலை.

அந்தக் காரு எங்க வீட்டுக்கு வர்றப்பவே அதுக்கு வயசு இருபது. மூணு பேர் ஓட்டித் தள்ளினது. ஆட்டோமேட்டிக்டி, கிளட்ச்சே கிடையாது, நீகூட ஓட்டலாம்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரு வாங்கினாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை ஓட்ட விட்டிருப்பாரா? தெருமுனை வரைக்கும்? அதை விடுங்க. ஆறாவது மாசமே வண்டி வேலையைக் காட்ட ஆரம்பிச்சுடுச்சு. இன்ஜின் மட்டும் ஊரைக் கூட்டும், வண்டி நகராது. மேடு வந்தா திணறும். கியர் ஆயில் ஒழுகி ஒழுகி வீட்டு முன்னாடி சிவப்பா ஒரு வட்டம். அப்புறம் அது கருத்துப் போய் கருகின வாடை வர ஆரம்பிச்சுது. நீங்கதான் விரல்ல தொட்டு மோந்து பார்த்தீங்க. உள்ள பிளேட்டு எல்லாம் தேயுது சார், கியர் பெட்டியை இறக்கிப் பார்த்துடலாம்னு சொன்னீங்க. ஓடற வரைக்கும் ஓடட்டும்னுட்டாரு.

டிரைவர் பக்கக் கதவுல ஒரு பள்ளம் இருந்துச்சே, கவனிச்சிருப்பீங்க. யாரோ இடிச்சுட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. இடிச்சது யாரும் இல்ல, அவரு கால்தான். வண்டி நகரலைன்னா இறங்கி வந்து வண்டிக்கு ஒரு உதை, வீட்டுக்குள்ள வந்து எனக்கு ஒரு உதை. அதுல மட்டும் பாகுபாடே பார்க்க மாட்டாரு.

அவரு, அவருன்னே வருது பாருங்க வாயில. செத்து இருபத்திமூணு நாளாச்சு, மரியாதை மட்டும் குறையலை. பழக்கம்.

அதுக்கப்புறம்தான் அந்த லீவர் தொல்லை. உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆனா எங்க வீட்டுல அது என்ன பாடு படுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். லீவருக்குப் பக்கத்துல எழுத்து இருக்குமில்ல? பின்னா பார்க்கிங், ஆர்னா ரிவர்ஸ், என்னா நியூட்ரல், டின்னா முன்னாடி போக. அதுக்குக் கீழே ரெண்டுன்னு ஒரு நம்பர். லீவரையும் கியர் பெட்டியையும் சேர்க்கற கம்பியில ஒரு புஷ்ஷு, கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக், அது தேய்ஞ்சு போச்சு. அதுலருந்து வெளிய லீவர் ஒரு இடத்துல நிக்கும், உள்ள கியர் அதுக்கு முந்தின இடத்துல நிக்கும். என்ல போட்டா உள்ள ரிவர்ஸ். டியில போட்டா உள்ள நியூட்ரல். முன்னாடி போகணும்னா ரெண்டுல தள்ளணும். எல்லாமே ஒரு எழுத்து தள்ளி.

நீங்க ரெண்டு வருஷமா மாத்திடலாம் சார், மாத்திடலாம் சார்னு கெஞ்சியிருக்கீங்க. நேத்துதான் உங்க வீட்டம்மா சொல்லி எனக்குத் தெரியுது. என்கிட்ட வேற கதை. அதுக்குப் பெட்டியையே இறக்கணும், பத்து நாள் வேலை, வண்டி இல்லாம நான் என்ன பண்றதுன்னு சொல்லி வச்சிருந்தாரு. நானும் நம்பிட்டேன். எனக்கு என்ன தெரியும் அண்ணே? முன்பல்லுக் குறடு எது, கடைவாய்க் குறடு எதுன்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவேன்.

தினம் காலையில ஏழரை மணிக்கு கியர் ஆயில் பார்க்கணும். ஒழுகற வண்டியாச்சே. மத்த ஆயில் மாதிரி இல்லையாம் இது, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணுமாம். ஒருத்தர் உள்ள உக்கார்ந்து, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, லீவரை ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி, கடைசியில நியூட்ரல்ல நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுட்டுக் காலை எடுத்துடணும். இன்னொருத்தர் பானட்டைத் தூக்கி, அளவு கம்பியை உருவித் துடைச்சு விட்டுப் பார்க்கணும். பார்க்கறது அவரு. உள்ள உக்கார்றது நான். ஓட்டத்தான் விட மாட்டாரு, உக்காரலாம்.

எங்க வீட்டுச் சந்துக்கு நீங்க வந்திருக்கீங்க. வண்டி மூக்கு சுவத்தைப் பார்த்து நிக்கும். நடுவுல ரெண்டு அடி இருந்தா ஜாஸ்தி. அதுக்குள்ள பூந்து நின்னுக்கிட்டுத்தான் குனிவாரு. வெளிய எடுத்து விட்டுப் பார்க்கக் கூடாதான்னு ஒரு தடவை கேட்டேன். எனக்கே பாடம் நடத்தறியான்னாரு. அன்னிக்குக் கை வைக்கலை, அவசரமாப் போகணும், அதனால.

முதல் நாள் நடந்ததைச் சொல்றேன். நியூட்ரல் போடுன்னாரு. நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்தைப் பார்த்து என்ல போட்டேன். வண்டி பின்னாடி ஒரு குலுக்கு குலுக்குச்சு. வந்தாரு, கதவைத் திறந்தாரு, என் முடியைப் பிடிச்சு அந்த லீவர் மேலயே மூஞ்சியை ரெண்டு மோது மோதினாரு. எழுத்தைப் பார்க்காதடி, நியூட்ரல்னா டி, நியூட்ரல்னா டி, சொல்லு. சொன்னேன். வாய் பூரா ரத்தம், சொல்லச் சொல்ல குமிழி குமிழியா வருது. இன்னும் சத்தமா சொல்லுன்னாரு. சத்தமா சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரங்க செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாங்க, குழாயை மூடிட்டு உள்ள போயிட்டாங்க.

இந்த முன்பல்லு ரெண்டும் அன்னிக்குப் போனதுதான். கட்டின பல்லுன்னு தெரியுதா? தெரியாது. எங்க டாக்டர் கைவேலை. பல் ஆஸ்பத்திரியில வேலை செய்யறதுல இது ஒரு சௌகரியம். எப்படி விழுந்ததுன்னு அவரு கேட்கலை. கேட்டிருந்தாலும் படியில விழுந்தேன்னுதான் சொல்லியிருப்பேன்.

அதுக்கப்புறம் எனக்குத் தப்பவே இல்ல. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நியூட்ரல்னா டி. ரெண்டு வருஷம், தினம் காலையில, நியூட்ரல்னா டி.

இன்னொரு பாடமும் எடுத்தாரு. அந்தக் கியர் பெட்டிக்கு மந்தம். போட்ட உடனே பிடிக்காது. வெயில் ஏறினப்புறம் பரவாயில்ல, காலையில குளிர்ந்து கிடக்கறப்ப அஞ்சு எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணுமே நடக்காது. கியர் விழலையோன்னு நினைப்போம். அஞ்சுன்னு முடிக்கறப்ப டொம்முனு ஒரு உதை உதைச்சுக் கிளம்பும். எண்ணித் தொலைடி, எண்ணித் தொலைடின்னு அதையும் மண்டையில குட்டிக் குட்டித்தான் சொல்லிக் கொடுத்தாரு.

என் பொண்ணைப் பார்த்திருக்கீங்க. பதினாலு முடிஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை நான் காய்ச்சல்ல எழுந்திருக்க முடியாமக் கிடந்தேன். அவளைப் பிடிச்சு உள்ள உக்கார வச்சுட்டாரு. அவளுக்கு இந்த டி கதையெல்லாம் யாரு சொன்னா? நியூட்ரல்னாரு, குழந்தை என்ல போட்டுட்டுக் காலை எடுத்துடுச்சு. வண்டி பின்னாடி எகிறிச்சு. பானட்டைத் தாங்கற கம்பி நழுவி, பானட் தடால்னு அவரு கை மேல விழுந்துச்சு. கதவைத் திறக்கற பொறுமைகூட இல்ல அண்ணே. கண்ணாடி இறக்கியிருந்த சந்து வழியாவே அவளை இழுத்தாரு. இடுப்புல தோல் உரிஞ்சு போச்சு. பாதி உடம்பு வெளிய, பாதி உள்ள, அப்படியே வச்சு ஒரு அறை. காதோட சேர்த்து. ஒண்ணே ஒண்ணுதான்.

வலது காது. சவ்வு கிழிஞ்சிருக்கு, தானா மூடிக்கும்னாங்க. மூடலை. ஏழு மாசமாச்சு. இப்ப எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாலும் இடது பக்கமே திரும்பிப் பார்ப்பா.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா அன்னிக்கு? சத்தம் கேட்டுச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்தேன். வந்து, அவரு கைக்கு ஐஸ் வச்சேன். அவரு கைக்கு. புள்ளை தரையில காதைப் பொத்திக்கிட்டு உக்கார்ந்திருக்கு, நான் இவரு விரலுக்கு ஐஸ்கட்டி ஒத்தி எடுத்துக்கிட்டிருக்கேன். த்தூ. என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு அண்ணே. இன்னிக்கு வரைக்கும் இருக்கு.

அய்ய, அழாதீங்க. சொன்னாக் கேளுங்க. வாயைக் கட்டியிருக்கு, மூக்கும் அடைச்சுக்கிட்டா மூச்சுக்கு எங்க போவீங்க? இந்தாங்க, துடைச்சுக்குங்க. சுத்தமான துணிதான்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டு வந்தாரு. விக்கப் போறேன், நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் பார்க்க வர்றாங்க, லீவரை ஒழுங்கு பண்ணிக் கொடுன்னாரு. நீங்க புஷ்ஷை மாத்தினீங்க. ஓட்டிக் காட்டி, எழுத்தும் கியரும் இப்ப ஒண்ணாயிடுச்சுன்னு சொல்லிக் கொடுத்தீங்க. வீட்டுலயும் சொல்லிடுங்க சார், பழைய ஞாபகத்துல போட்டுடப் போறாங்கன்னும் சொன்னீங்களாம். சரி சரின்னு கையை ஆட்டிட்டுப் போயிட்டாராம். ஆனா நீங்க எனக்கு ஒரு ஃபோன் பண்ணலை. லீவர்ல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி விடலை. அதுதானே உங்களைப் போட்டு அரிக்குது? அதைத்தானே ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கீங்க? தெரியும்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கிட்டதும் அதேதான். செவ்வாய்க்கிழமை காலையில நான் உள்ள உக்கார்ந்தேன். அவரு சுவத்துக்கும் பம்பருக்கும் நடுவுல பூந்தாரு. வாங்கறவன் வர்றதுக்குள்ள எங்க கசியுதுன்னு பார்த்துத் துடைச்சு வைக்கணும்னு, ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையால இழுத்து இன்ஜினை உறுமவிட்டுக்கிட்டே குனிஞ்சிருந்தாரு. நியூட்ரல் போடுன்னாரு. டியில போட்டேன். இத்தனை நாளா டி நியூட்ரல், அன்னிக்கு டி நிஜமாவே டி. அவரு கையாலயே உறுமவிட்ட இன்ஜின், முழு வேகத்துல பிடிச்சு ஒரே பாய்ச்சல். ஹேண்ட் பிரேக்காவது ஒண்ணாவது. அந்தச் சத்தம் இரும்பு சுவத்துல மோதற சத்தம் மாதிரி இல்ல. நடுவுல ஆள் இருந்தா சத்தம் வேற.

உடனே சாகலை. அது உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லாம நசுங்கிப் போச்சு, மேல மட்டும் மனுஷன். பானட் மேல ரெண்டு கையையும் போட்டுத் தட்டினாரு. டப்பு டப்புன்னு. எடு, எடு, பின்னாடி எடுன்னு. நான் சாவியைத் திருப்பி அணைச்சுட்டேன். சத்தம் கேட்டு ஓடியாந்த பக்கத்து வீட்டுக்காரரு ரிவர்ஸ்ல எடுக்கப் பார்த்தாரு, அவருக்கு எந்த எழுத்து எதுன்னு தெரியலை, அந்த வண்டிக்கதைதான் ஊருக்கே தெரியுமே, பயந்துக்கிட்டு விட்டுட்டாரு. ஆறு பேர் சேர்ந்து தள்ளி எடுக்கறதுக்குள்ள தட்டறது நின்னு போச்சு.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாரு, பழக்க தோஷம்மா, உங்க மேல தப்பு இல்ல, மாத்தினதை யாராச்சும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்னு. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. என் கொழுந்தனும் அதைக் கேட்டுட்டுத்தான் உங்களைத் தேடி வந்தான்.

நான் ஒண்ணும் சொல்லலை. வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். உங்க வாயை அவங்க கட்டினாங்க, என் வாயை நானே கட்டிக்கிட்டேன். பொண்ணுக்கு இன்னும் நாலு வருஷம் பள்ளிக்கூடம் இருக்கு, அதுக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து சாயங்காலம் அவளைக் கொண்டு போய் எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தேன். துணிமணி, புத்தகம், காது டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்துக் கொடுத்தாச்சு. இடது பக்கமா நின்னு பேசுக்கான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

ஏன்னு கேட்கறீங்களா? பொறுங்க, அதுக்குத்தானே வந்தேன்.

உங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானை மாத்தினாலும் பழசைக் குப்பையில போட மாட்டீங்க. காகிதத்துல பொட்டலம் கட்டி, மேல பேனாவால தேதி போட்டு, மாத்தினதுக்கு அத்தாட்சின்னு வண்டிக்காரர் கையில கொடுத்துடுவீங்க. எங்க வீட்டு அலமாரியில தேய்ஞ்ச பிரேக் கட்டை, அறுந்த பெல்ட்டுன்னு ஆறேழு பொட்டலம் கிடக்கு. திங்கக்கிழமையும் கொடுத்திருப்பீங்களே? கொடுத்தீங்கல்ல? இன்ஸ்பெக்டர் வண்டி பூரா தேடினாரு, அவரு சட்டைப் பையில தேடினாரு. கிடைக்கலை. வழியில வீசியிருப்பாருன்னு விட்டுட்டாரு.

கையை நீட்டுங்க. இந்தாங்க.

உங்க கையெழுத்துதானே? தேதி சரியா இருக்கா? பிரிச்சுப் பாருங்க. அதே புஷ்ஷுதான். ஒரு பக்கம் தேய்ஞ்சு முட்டை மாதிரி நீளமாயிருக்கு பாருங்க ஓட்டை.

செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கற கோட்டை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். குளிச்சுட்டு வந்தவரு இந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு, மேஜை மேல என் கைக்கு முன்னாடி வச்சாரு. நல்ல சந்தோஷத்துல இருந்தாரு, வண்டிக்கு ஆள் வருதுல்ல. பாருடி, இத்துனூண்டு. ஆத்தாளும் மகளும் ரெண்டு வருஷமா ஒப்பாரி வச்சீங்களே, இதுக்குத்தான். அரை மணி நேரத்துல மாத்திக் கொடுத்துட்டான். இனிமே எழுத்து எங்கயோ கியர் அங்க. நியூட்ரல்னா என். மண்டையில ஏத்திக்க. சொல்லிட்டுச் சிரிச்சாரு அண்ணே. விழுந்து விழுந்து சிரிச்சாரு.

சரிங்கன்னேன்.

அரை மணி நேரம். என் பல்லு ரெண்டு, என் புள்ளை காது, அரை மணி நேர வேலை. எனக்கு அப்ப கோபம்கூட வரலை. இஸ்திரிப் பெட்டியைக் கோட்டு மேலயே வச்சுட்டு நின்னுட்டேன் போல, காலர் தீய்ஞ்சு வாடை வந்தப்புறம்தான் எடுத்தேன். இனிமே சுலபம்தானே, அவளைக் கூப்பிடு, அவளே உக்காரட்டும்னாரு. வேணாங்க, அவ குளிக்கறா, நானே உக்கார்றேன்னு சொல்லிட்டு, இதை எடுத்துக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு வந்தேன்.

பானட்டைத் தூக்கிட்டா எதிர்ல நிக்கற ஆள் தெரியாது. கீழே ஒரு சந்து இருக்கும், அதுல அவரு கை மட்டும் தெரியும். மோதிரம் போட்ட கை, கேபிளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு. நியூட்ரல்னாரு. டியில போட்டேன். பிரேக்குலருந்து காலை எடுத்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன்.

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டிருந்தாரு. மூணுல நான் ஒரு தடவை காலை பிரேக் மேல கொண்டு போனேன். கொண்டு போய் அப்படியே வச்சுக்கிட்டிருந்தேன், மிதிக்கலை. நாலுல எடுத்துட்டேன்.

அவ்வளவுதான் அண்ணே. பொட்டலம் உங்ககிட்டயே இருக்கட்டும், உங்க சாமான்தானே. அந்தக் கடுதாசியைக் கிழிச்சுடுங்க. வேற எழுதறதுன்னா எழுதுங்க, பதினொண்ணுக்கு நேரம் இருக்கு. நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்கார்ந்திருக்கேன், நீங்க ஸ்டேஷன் பக்கம் திரும்பினீங்கன்னா நானும் கூடவே வர்றேன். வீட்டுப் பக்கம் திரும்பினீங்கன்னா போய்ச் சாப்பிடுங்க. எழுதறதுன்னா ஒண்ணே ஒண்ணு, அவ பழக்கத்துல போட்டுட்டான்னு மட்டும் எழுதாதீங்க. அஞ்சு வரைக்கும் எண்ணினான்னு எழுதுங்க.